பத்மநாபபுரத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு கன்னியாகுமரி போகிறோம். பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். "பழைய மர வீடு, அதில் பார்க்க என்ன இருக்கு?" என்கிறார் கணவர். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. போகலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: கட்டாயம் போங்கள். ஒரு மணி நேரம் போதாது, அரை நாள் வையுங்கள். நாகர்கோவில் தாண்டி தக்கலை பக்கத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களிலும் மதியம் சிறிது நேரம் மூடுவார்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது.

என் அப்பா தச்சர். அவர் வேலையை விட்ட பிறகு அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நுழைந்ததும் வரும் வாசல் மண்டபமான பூமுகத்தை விட்டு அவர் நகரவே இல்லை. அதன் மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறது, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்று வழிகாட்டி சொன்னதும், அண்ணாந்து எண்ணத் தொடங்கிவிட்டார். "இதைச் செஞ்சவங்களுக்கு யாரும் கெடு வைக்கலம்மா" என்றார். அப்புறம் அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கிய தூணைக் கண்டதும் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இதுதான். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும், அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நம் மண்ணில் இருப்பதை அவர்கள் இத்தனை கருத்தாகக் காப்பாற்றுவதற்கு எனக்கு நன்றி உண்டு.

தரையைக் கவனியுங்கள். கறுப்பாக, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக இருக்கும். சுட்ட சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்கிறார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்; வெயில் காலத்திலும் அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடு. அதன் வழியே வரும் மங்கலான வெளிச்சத்துக்குக் கண் பழகும்வரை நில்லுங்கள். நவராத்திரி மண்டபத்தில் மட்டும் மரம் போய்க் கல் வந்துவிடும்.

அம்மா விஷயம்: மாடிப்படிகள் செங்குத்து, குறுகல். அவரை ஏற வற்புறுத்தாதீர்கள். பூமுகத்தையும் அங்கே தொங்கும் குதிரை விளக்கையும் நிதானமாகப் பார்க்கட்டும். மாடியைப் பார்க்க நீங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய் வாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியான டச்சுப் படைக்காரர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கும்.

கணவரைப் பூமுகத்தில் நிறுத்திப் பூக்களை எண்ணச் சொல்லுங்கள். அப்பா 71 வரை போனார்.