கோளாறு நங்கூரத்தில் இல்லை

நண்பரே, இருக்கைக்குப் பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டியதும் கயாக் (ஒடுங்கிய துடுப்புப் படகு) சாய்ந்து தண்ணீர் ஏறியது என்கிறீர்கள். கனமான நங்கூரம் வாங்கினால் தீராது. கட்டிய இடம்தான் தவறு. முன்முனையிலும் பின்முனையிலும் சிறு கப்பி மாட்டி, 5 மி.மீ. பாலியெஸ்டர் கயிற்றைச் சுற்றாக ஓட்டுங்கள். அதில் ஓர் எஃகு வளையம் கட்டி, நங்கூரக் கயிற்றை அதன் வழியே கைக்குக் கொண்டுவாருங்கள். வளையத்தை முனைக்கு இழுத்தால் கயாக் நீரோட்டத்துக்கு நேராக நிற்கும்.

கப்பிகளை மாட்டும் திருகுத் துளைகளில் தண்ணீர் கசியாமல் ரப்பர் வாஷர் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பசை, பல கயாக்குகளின் உடலான பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் சரியாக ஒட்டாது. அதை நம்பிப் போய், உள்ளே கால் வாளித் தண்ணீரோடு கரையேறியவன் நான்!

நங்கூரம் சிக்கிக்கொண்டால் கயிற்றை அறுக்க ஒரு கத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.