கல் இங்கே, ஆள் எங்கே? – பழைய கல்லறைகளைப் பதிவு செய்வது பற்றிக் கேள்வி பதில்

கே: எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தை வரைபடமாக்க ஃபோன் ஜிபிஎஸ் போதுமா?

ப: தோட்டம் எங்கே என்று காட்டப் போதும். திறந்த வெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். அந்த இடைவெளியில் இரண்டு கல்லறை அடங்கிவிடும். சுற்றுச்சுவர் மூலையிலிருந்து டேப் பிடித்து அளந்து, கல்லுக்கு ஒரு எண் கொடுங்கள். படத்தின் பெயரிலும் அதே எண்.

கே: எழுத்து மங்கிவிட்டது. கோலமாவு தடவிப் படிக்கலாமா?

ப: கூடாது. சாக்பீஸ், ஷேவிங் நுரை, ஆசிட் எதுவும் கூடாது. பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும்.

கே: சென்னைக் கோட்டை செயின்ட் மேரீஸ் ஆலய முற்றத்தை அளந்து 'கல்லறை வரைபடம்' போட்டிருக்கிறேன். சரியா?

ப: அளவு அருமை, தலைப்பு தப்பு. ஆலயம் பிரதிஷ்டையானது 1680. முற்றத்தில் இருக்கும் எலிசபெத் பேக்கர் கல்லோ 1652. எப்படி? அந்தக் கற்கள் பிற்பாடு சட்டக் கல்லூரி எழுந்த பக்கத்திலிருந்த பழைய இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை சமாதிகளின் மறைவில் நின்று சுட்டது. அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி இடுகாட்டையே இடித்து, கற்களைக் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவியது. இடிக்காமல் விட்டவற்றில் ஒன்று, மதராஸ் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட் அடங்கிய கூர்நுனிச் சமாதி.

கே (இன்னொருவர்): அப்படியானால் அந்த வரைபடமே வீண்தானே?

ப: யார் சொன்னது? 'கல் இருக்கும் இடம்', 'அடக்கம் செய்த இடம்' என்று இரண்டு கட்டம் வையுங்கள். இரண்டாவது காலியாகவே இருக்கட்டும்.

கே (அவரே): காலிக் கட்டத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

ப: ஆள் இல்லாத கல்லின் முன்னால் பூவோடு வந்து நிற்கிற வாரிசு படிப்பார். ஊகத்தில் நிரப்பினால் அடுத்தவர் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கே: கல்லில் ஒரு தேதி, ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டில் மறுநாள்?

ப: கல்லில் இருப்பது இறந்த நாள், பதிவேட்டில் அடக்க நாள். இன்னொன்று: 1752க்கு முன்பு ஆங்கிலேயருக்கு மார்ச் 25இல்தான் ஆண்டு பிறக்கும். அவர்களுடைய பிப்ரவரி 1700 நமக்கு 1701. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு, திருத்தத்தைப் பக்கத்தில் போடுங்கள்.

கே: மதராஸ் ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் கொள்ளுத்தாத்தாவின் அடக்கப் பதிவு எங்கே கிடைக்கும்?

ப: லண்டன் பிரிட்டிஷ் நூலகம், இந்திய அலுவலக ஆவணங்கள், என்/2 (N/2) வரிசை, அதாவது மதராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகள்.

கே: பதிவேட்டை ஸ்கேனரில் வைக்கலாமா?

ப: கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும். மேலிருந்து கேமராவில் எடுங்கள், வெற்றுப் பக்கம் உட்பட.

கே: கோலமாவு வேண்டாம், சரி. டால்கம் பவுடர்?

ப: மேலே படியுங்கள்.

கே: ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்தால்?

ப: டார்ச் வாங்கக் காசில்லை என்றால் சொல்லுங்கள், நான் அனுப்புகிறேன்.