மீட்டிங்குகளுக்கு நடுவே ஒரு தலைவர் யோசிக்க நேரம் ஒதுக்குவது எப்படி?

நாள் முழுக்க மீட்டிங், நிதானமாக யோசிக்க நேரமே இல்லை என்கிறீர்கள். அந்த நேரம் தானாகக் கிடைக்காது. காலண்டரில் முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். லிங்க்ட்இன் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது ஜெஃப் வீனர், தினமும் ஒன்றரை முதல் 2 மணி நேரத்தைக் காலியாக விட்டுவைப்பதாக 2013-ல் எழுதினார். அவ்வளவு முடியாதென்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். தள்ளிவைக்க நேர்ந்தால் அதே வாரத்தில் வேறு நாளுக்கு மாற்றுங்கள், அழித்துவிடாதீர்கள்.

இடம் எதுவானாலும் சரி, உங்கள் வழக்கமான மேஜை மட்டும் வேண்டாம். போனும் கூட வரக் கூடாது.

சரி, உட்கார்ந்து என்ன செய்வது? இங்குதான் பலர் தடுமாறுகிறார்கள். சும்மா யோசித்தால் மனம் கவலைகளையே சுற்றிச் சுற்றி வரும். அதனால் எழுதுங்கள். இந்த வாரம் எடுத்த முடிவு ஒன்று. அப்போது தெரிந்திருந்தது என்ன, ஊகித்தது என்ன, யாரைக் கேட்காமல் விட்டோம். முடிவெடுக்கும்போதே காரணத்தைக் குறித்துவைத்தால் இன்னும் நல்லது. விளைவு தெரிந்த பிறகு நினைவு நமக்குச் சாதகமாகக் கதை கட்டும்!

கோபத்துக்கும் எழுத்து உதவும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின், எதிரிப் படையைத் தப்பவிட்டதற்காகத் தன் படைத் தளபதி ஜெனரல் மீடுக்கு அதிபர் ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலை 14-ல் காட்டமான கடிதம் எழுதினார். ஆனால் அனுப்பவேயில்லை.

அப்புறம், குழுவிடம் இந்த நேரத்தைப் பற்றி முன்பே சொல்லிவிடுங்கள். எந்த மாதிரி அவசரத்துக்குக் கதவைத் தட்டலாம் என்பதையும் சேர்த்து.