விடுதலைக்குப் பிறகும் தொடரும் விசாரணை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து, அமெரிக்கக் கார்த் தொழிலதிபர் ஜான் டெலோரியனின் வழக்கைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். கொக்கெய்ன் பொட்டலத்தைப் பார்த்துத் ‘தங்கத்தைவிட மேலானது’ என்று அவர் சொல்வது பதிவில் தெளிவாகவே இருக்கிறது. இதை நாடே பார்த்த பிறகும் அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டிருக்கிறார். பணமும் பேர்பெற்ற வழக்கறிஞரும் இருந்தால் எதிலிருந்தும் தப்பலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இதை உங்களிடம் கேட்க ஒரு காரணம் உண்டு. எங்கள் ஆலய நிர்வாகக் குழுவின் முன்னாள் பொருளாளர், தம் அலுவலகத்தில் லஞ்சம் வாங்கியதாகப் பொறிவைத்துப் பிடிக்கப்பட்டார். எதிர்வாதம் செய்ய அழைக்கப்படாமலேயே செஷன்ஸ் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. வரும் ஆண்டுக் கூட்டத்தில் மீண்டும் அதே பொறுப்புக்குப் போட்டியிட விரும்புகிறார். ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பது?

க. சு., பட்டர்வொர்த்

அன்புள்ள க. சு.,

பதிவில் நீங்கள் பார்த்தது உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. 1982 அக்டோபர் 19ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டல் அறையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்து அவர் அந்தச் சொற்களைச் சொன்னார். அறையில் இருந்தவர்களோடு மதுக் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்தும் சொன்னார். சற்று நேரத்தில் எஃப்பிஐ அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். இதை மட்டும் பார்க்கும் எவருக்கும் வேறு முடிவு தோன்றாது.

ஆனால் அந்த அறைக்குள் அவர் வந்துசேர்ந்த பாதை படத்தில் இல்லை. வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் பிரிட்டிஷ் அரசின் பணத்தைக் கொண்டு அவர் அமைத்த தொழிற்சாலை, 1982 பிப்ரவரியிலேயே, கடன் கொடுத்தவர்களுக்காக நிறுவனத்தை ஏற்று நடத்தும் மேலாளர்களின் கைக்குப் போய்விட்டது. கம்பெனியை மீட்கப் பணம் தேடி அலைந்துகொண்டிருந்த அந்த மாதங்களில்தான், முன்பு அவருக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்த ஒருவர் கொக்கெய்ன் வாங்கி விற்றுப் பணம் திரட்டும் திட்டத்தோடு குறுக்கிட்டார். அந்த மனிதர் போதைப்பொருள் கடத்தலில் ஏற்கெனவே சிக்கி, அரசுக்குத் துப்பு கொடுப்பவராக மாறியிருந்தவர். பேச்சுவார்த்தைக்கு வந்த வங்கி அதிகாரியோ, வேடமிட்ட எஃப்பிஐ அதிகாரி. சரக்கு வாங்கப் போதிய பணம் டெலோரியனிடம் இல்லை. அதற்கும் வழி செய்து கொடுக்க முன்வந்தவர்கள் அரசின் ஆட்களே. நொடித்துப்போன ஒருவரின் முன்னால் அவருடைய தேவைக்கு ஏற்ற அளவில் ஒரு குற்றத்தை அரசே தைத்துக் கொடுத்ததா என்பதுதான் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி.

அமெரிக்கச் சட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மதுவிலக்குக் காலத்தில், வட கரோலினாவில் சுற்றுலாப் பயணிபோல வந்த ஓர் அதிகாரி, முன்னாள் படைவீரர் ஒருவரிடம் முதல் உலகப் போரைப் பற்றிப் பேசி நெருக்கமாகி, மது வாங்கித் தரும்படி திரும்பத் திரும்பக் கேட்டார். மறுத்துக்கொண்டே இருந்த அந்த வீரர் கடைசியில் இசைந்து, அரை காலன் விஸ்கியைக் கொண்டுவந்து கொடுத்தார், உடனே கைதானார். 1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிராகரித்தது. குற்றம் செய்யும் எண்ணம் இல்லாதவரின் மனத்தில் அரசே அந்த எண்ணத்தை விதைத்துவிட்டுப் பிறகு அவரைத் தண்டிக்க முடியாது என்ற கோட்பாடு அங்கே நிலைபெற்றது. டெலோரியனின் வழக்கறிஞர்கள் நின்ற தளமும் அதுவே. 1984 ஆகஸ்ட் 16 அன்று, எட்டுக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் நடுவர் குழு (ஜூரி) அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு தன் வழக்கை நிரூபிக்கவில்லை என்று நடுவர்களில் சிலர் கருதினார்கள், அரசு அவரைச் சிக்கவைத்தது என்று வேறு சிலர் கருதினார்கள்.

உங்கள் நண்பர்களின் வாதத்தில் ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். தேர்ந்த வழக்கறிஞர்கள் கிடைக்காத ஏழைக்கு இதே முடிவு கிடைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியின் விடை, ஏழைக்கும் அத்தகைய வழக்கறிஞர் வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும். டெலோரியனும் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. இன்னொன்றையும் கவனியுங்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே அந்தப் பதிவின் பகுதிகள் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவிட்டன. நீதிபதி ராபர்ட் தகாசுகி தடுக்க முயன்றார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய தடையை நீக்கியது. மக்கள் சில நிமிடங்களைப் பார்த்துத் தீர்ப்பெழுதினார்கள். நடுவர்களோ பதிவுகளை மணிக்கணக்கில் பார்த்து, சாட்சிகள் குறுக்கு விசாரணையில் தடுமாறுவதையும் நேரில் பார்த்து, பல நாள் கலந்து பேசிய பிறகே முடிவுக்கு வந்தார்கள்.

இதனால் டெலோரியனை மாசற்ற மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. டன்மரியில் ஏறத்தாழ 2,500 பேர் வேலை இழந்தார்கள். வேலையின்மையும் வன்முறையும் வாட்டிய அந்தப் பகுதியில் அது எத்தனை குடும்பங்களைச் சாய்த்திருக்கும் என்பதை, ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடலைக் கண்ட நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அரசின் பணம் போன வழி குறித்து அவர்மேல் எழுந்த ஐயங்கள் கடைசிவரை முழுமையாகத் தீரவில்லை. அதற்காக அவர்மேல் கோபப்படும் உரிமை பெல்ஃபாஸ்ட் தொழிலாளிக்கு உண்டு. ஆனால் அந்தக் கோபத்தைக் கொக்கெய்ன் வழக்கின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. ஒரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டவரை, அவர்மேல் நமக்குள்ள வேறு மனக்குறைகளுக்காக அதே குற்றச்சாட்டின் பெயரால் தண்டித்துக்கொண்டிருப்பதைத்தான் நான் அநீதி என்கிறேன்.

நம் மலேசியாவில் நிலைமை வேறு. அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 40ஏ பிரிவும், 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், மாறுவேடத்தில் தூண்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் சாட்சியம் நம்பத்தகாததாகிவிடாது என்கின்றன. ‘என்னைத் தூண்டினார்கள்’ என்பது இங்கே அமெரிக்காவில்போல ஒரு தற்காப்பாக நிற்பதில்லை. நடுவர் குழு முறையும் 1995 முதல் இல்லை. ஆகவே, இங்கே பொறிவைப்பு வழக்கில் ஒருவர் விடுதலையாகிறார் என்றால், அது பெரும்பாலும் அரசுத் தரப்பின் சான்றிலேயே ஓட்டை இருந்ததால்தான். உங்கள் பொருளாளர் எதிர்வாதத்துக்கே அழைக்கப்படவில்லை என்பதன் பொருள், அவர் வாயைத் திறக்கத் தேவையே இல்லாத அளவுக்கு அரசுத் தரப்பு முதல்நிலை வழக்கை நிறுவத் தவறிவிட்டது என்பதே. ‘சந்தேகத்தின் பலனில் தப்பிவிட்டார்’ என்று உங்கள் ஊரில் யாராவது சொன்னால், வழக்கு அந்தக் கட்டத்துக்கே போகவில்லை என்று நீங்கள் எடுத்துச்சொல்லலாம்.

செந்தூலில் எனக்குத் தெரிந்த ஒரு தாய் இருக்கிறார். நண்பனின் காரில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த அவருடைய மகனும், போதைப்பொருள் வாங்குபவர்போல வந்த போலீஸ் அதிகாரியிடம் நண்பனோடு சேர்ந்து பிடிபட்டான். அந்தச் சட்டப் பிரிவில் ஜாமீன் கிடையாது. வழக்கு முடியும்வரை பல ஆண்டுகள் சுங்கை பூலோ சிறையில் இருந்தான். பேரம் பேசியதில் அவனுக்குப் பங்கு இருந்ததாகக் காட்ட ஒன்றுமில்லை என்று உயர் நீதிமன்றம் அவனை விடுவித்தது. போலீஸ் காவலில் அணிவிக்கும் லோக்காப் சட்டையும் கைவிலங்குமாக அவன் நின்ற படம் அன்று செய்தியாக வந்தது, விடுதலை எங்கும் வரவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டார் அந்தப் பழைய படத்தை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தாய் நீதிமன்ற ஆணையின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். கேட்பவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். மலாயில் இருக்கும் அந்தத் தாளைப் பெரும்பாலோர் இரண்டாம் வரிக்கு மேல் படிப்பதில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். படத்தை நம்பியவர்களுக்குத் தாளைப் படிக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். அந்தப் பொறுமையின்மையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்ற கேள்விக்கும் வருகிறேன். சாதாரண வழக்கில் அது ஒரு சந்தேகத்தை எழுப்பும் கேள்வியாக இருக்கலாம். பொறிவைப்பு வழக்கில் நெருப்பு மூட்டியவரே அரசின் ஆளாக இருக்கக்கூடும் என்பதால், புகையைக் காட்டி எதையும் நிறுவ முடியாது. ஊழலைப் பிடிக்கப் பொறிவைப்பு தேவை என்பதை நானும் ஏற்கிறேன். இரகசியமாக நடக்கும் கொடுக்கல் வாங்கலை வேறெப்படிப் பிடிப்பது? ஏற்கெனவே கைநீட்டிக்கொண்டிருந்தவரைப் பிடித்தார்களா, நீட்டாத கையைப் பிடித்து இழுத்தார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் போதும்.

உங்கள் ஆலய விஷயத்தில் முதலில் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குக் கிடைத்தது முழு விடுதலையா, விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பா என்று பாருங்கள். பின்னதாக இருந்தால் அதே குற்றச்சாட்டு மீண்டும் வர இடமுண்டு. அடுத்தது, அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்திருக்கிறதா என்பது. அதற்கான அறிவிப்பைத் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாள்களுக்குள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவைப் போலன்றி, இங்கே விடுதலைத் தீர்ப்பையும் மேல் நீதிமன்றம் மாற்ற முடியும். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அதன் முடிவு தெரியும்வரை அவரே சற்றுக் காத்திருக்கட்டும் என்று கேட்பது தவறாகாது.

இரண்டிலும் தடையில்லையென்றால் அவர் போட்டியிடட்டும். கூட்டத்தில் யாராவது அந்தக் கைதைப் பற்றிப் பேச்செடுத்தால், நீதிபதி கூறிய காரணங்களைப் படித்துவிட்டுப் பேசும்படி எழுந்து சொல்லுங்கள். அதைச் சொல்ல அவருக்கு நண்பராக இருக்க வேண்டியதில்லை. அதோடு, அவர் பொறுப்பில் இருந்த ஆண்டுகளின் உண்டியல் கணக்கு, திருவிழாச் செலவு, தணிக்கை அறிக்கை ஆகியவற்றை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். கணக்கு நேராக இருந்தால் வாக்களியுங்கள். இல்லையென்றால் அந்தக் கணக்கைக் காரணம் காட்டி, அவர் முகத்துக்கு நேரே சொல்லி, எதிர்த்து வாக்களியுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து