ஏற்றுமதிச் சலுகையை நம்பிப் பருத்தியை இருப்பு வைக்கலாமா?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் கரிசலில் மானாவாரியாகப் பருத்தி போட்டிருக்கிறேன். ஏற்றுமதிக்கு அரசு சலுகை கொடுப்பதால் விலை ஏறும், இப்போது விற்காதே என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: அந்தச் சலுகைக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர்கள் சொல்வது 2019 மார்ச்சில் வந்த ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். திட்டமாக இருக்கும். அது ஆயத்த ஆடைக்கும் போர்வை, துண்டு போன்றவற்றுக்கும் உரியது. உற்பத்தியில் சேர்ந்துவிட்ட மத்திய, மாநில வரிகளை ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தருகிறார்கள். பலன் திருப்பூருக்கும் கரூருக்கும் போகிறது. அங்கே ஆர்டர் கூடினால் மில்லுக்குப் பஞ்சு தேவைப்படும், சரி. ஆனால் அது உங்கள் பருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லையே.

நீங்கள் கவனிக்க வேண்டியது இறக்குமதி வரியை. 2021 பிப்ரவரியில் பஞ்சுக்கு 11 சதவீதம் வரி வந்தது. 2022-இல் சில மாதங்களும், 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரையும் அதை நீக்கினார்கள். வரி இல்லாதபோது வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக இறங்கும். உள்ளூர் விலைக்கு அது மூக்கணாங்கயிறு.

பஞ்சுக்கே ஏற்றுமதி மானியம் தந்தால் உள்ளூர் விலை ஏறும்தான். அமெரிக்கா ‘ஸ்டெப் 2’ என்று அப்படித்தான் செய்தது: தன் நாட்டுப் பஞ்சை வாங்கிய மில்லுக்கும் ஏற்றுமதியாளருக்கும் உள்நாட்டு விலைக்கும் உலக விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே கொடுத்தது. உலகச் சந்தையில் விலை அமுங்கி, ஆப்பிரிக்காவின் மாலி, பெனின் நாட்டு விவசாயிகள் நொந்துபோனார்கள். ஒரு விவசாயியைத் தூக்கிவிட இன்னொருவர் வயிற்றில் அடிப்பது எனக்குச் சம்மதமில்லை. பிரேசில் தொடுத்த வழக்கில் அமெரிக்கா தோற்று, 2006-இல் அதைக் கைவிட்டது. வேளாண் ஏற்றுமதி மானியங்களையே ஒழிப்பதென 2015-இல் நைரோபியில் உலக வர்த்தக அமைப்பு முடிவெடுத்தது. ஆக, அப்படியொரு மானியம் நம் பஞ்சுக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது பருத்தியின் ஈரப்பதம். 2025-26-க்குக் குவிண்டாலுக்கு ஆதரவு விலை நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110. ஆதரவு விலைக்கு வாங்கும் அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகம் முழு விலை தருவது 8 சதவீத ஈரம் வரைதான். அதற்கு மேல் பிடித்தம். 12-ஐத் தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். கடற்காற்று படும் ஊரில் மூட்டையாகக் கட்டிப் போட்டால் பருத்தி ஈரம் இழுத்துக்கொள்ளும். பனி காய்ந்த பிறகு சருகு ஒட்டாமல் எடுங்கள். வெயிலில் பரப்பி உலர்த்தி, முதல் எடுப்பைத் தனியாக வையுங்கள். அப்புறம், வியாபாரி களத்துக்கு வந்து சொல்லும் விலைக்குத் தலையாட்டாமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அன்றைய ஏல விலையைக் கேட்டுவிட்டு விற்றுவிடுங்கள்.