பழைய ஜெர்மன் பண்ணை வீட்டுச் சுவரில் சிமென்ட் பூசலாமா?

கேள்வி: டெக்சாஸில் பிரெடரிக்ஸ்பர்க் ஊரை அடுத்து நிலம் வாங்கியிருக்கிறோம். அதில் ஜெர்மன் குடியேறிகள் கட்டிய கல்வீடு ஒன்று, அதன் பின்னால் மரத்தில் ஓர் அறை, தள்ளி ஒரு கல் கொட்டகை. கல் சந்துகளில் காரை உதிர்கிறது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு வெள்ளையாக உப்பு பூக்கிறது. சந்துகளை எல்லாம் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். வீடு எந்தக் காலத்தது என்றும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சிமென்ட் வேண்டாம். வேலையை ஒப்படைத்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். கல்லை விடக் கெட்டியான சாந்து வைத்தால் அழியப்போவது கல்தான்.

முதலில் வீட்டின் வயது. இந்தப் பண்ணை வீடுகள் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. பிரெடரிக்ஸ்பர்க்கில் ஜெர்மானியர் குடியேறியது 1846 மே மாதத்தில். அவர்களைக் கூட்டிவந்த குடியேற்றச் சங்கம் ஊருக்குள் அரை ஏக்கர் மனையும், ஊருக்கு வெளியே 10 ஏக்கர் விளைநிலமும் கொடுத்தது. வந்தவர்கள் முதலில் மரத்தடிகளை அடுக்கிக் குடிசை போட்டார்கள். பிறகு சொந்த நாட்டு வழக்கப்படி ஃபாக்வெர்க்: ஓக் மரச்சட்டங்களை முளையும் துளையுமாகக் கோத்து, இடைவெளியைக் கல்லாலோ பச்சைமண் செங்கல்லாலோ அடைத்து மேலே சுண்ணாம்புப் பூச்சு. அங்கே கிடைக்கும் ஓக் குட்டை, வளைசலும் அதிகம். சுண்ணாம்புக்கல்லோ தோண்டிய இடமெல்லாம் கிடைத்தது. ஆகவே கை கொஞ்சம் நிமிர்ந்ததும் முழுக் கல்சுவருக்கு மாறினார்கள்.

இந்த வளர்ச்சியைக் கண்ணால் பார்க்க, பக்கத்து ஊரான ஸ்டோன்வாலில் அருங்காட்சியகமாக இருக்கும் சௌவர்–பெக்மன் பண்ணைக்குப் போய்வாருங்கள். சௌவர் குடும்பம் 1869இல் அங்கே குடியேறியது. குடும்பம் பெருகப் பெருக, கல்லும் மரத்தடியுமாக இருந்த முதல் குடிசைகளுக்குப் பக்கத்திலேயே கல் கட்டடங்கள் எழும்பின. 1900இல் பண்ணை பெக்மன் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1915இல் பருத்தி நன்றாக விளைந்தது. அந்தப் பணத்தில் புதுக் களஞ்சியம், பழைய கல்வீட்டோடு ஒட்டிய மர அறை, அச்சில் அழுத்தி உருவேற்றிய தகரம் போர்த்திய புது வீடு, இரண்டையும் சேர்க்கும் தாழ்வாரம் என்று அடுக்கடுக்காக வந்தன. உங்கள் மர அறையும் இப்படிப் பிறகு சேர்ந்ததாக இருக்கலாம். ஊகத்தோடு நிற்காமல் சரிபாருங்கள்.

சுவரும் சுவரும் கூடும் இடத்தில் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று மாறிமாறிப் பின்னியிருந்தால் ஒரே காலத்துக் கட்டுமானம். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகச் சந்து ஓடினால் ஒன்று பிறகு ஒட்டியது. பரணில் ஏறி, கைமரம் சேரும் இடத்து ஆணியைப் பாருங்கள். தண்டு பட்டையாக, நீள்சதுர வெட்டாக இருந்தால் பெரும்பாலும் 1890க்கு முந்தையது. உருண்டைக் கம்பி ஆணி அதற்குப் பிந்தையது. கதவிலும் ஜன்னலிலும் உள்ள ஆணியை நம்பாதீர்கள், அவை பலமுறை மாறியிருக்கும். உள்பூச்சில் கட்டம்கட்டமாக மெல்லிய விரிசல் தெரிந்தால் அடியில் ஃபாக்வெர்க் சட்டம் இருக்க வாய்ப்புண்டு. அங்கே சுத்தியல் வைக்க வேண்டாம்.

இனி சுவர். கனமான இந்தச் சுவர்களில் ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புக் காரை கல்லை விட மென்மையானது; ஈரம் அதன் வழியாக வெளியேறும், உப்பும் காரையிலேயே பூக்கும். காரைதான் கல்லுக்காகத் தேய்கிறது. அந்த வழியைச் சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரம் கல் வழியாகத்தான் போயாக வேண்டும். உப்பு கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகி நாணயம் அளவு சில்லுகளாக உதிர்க்கும். சில வருடத்தில் கல் உள்வாங்கி, சிமென்ட் மட்டும் தேன்கூட்டுச் சுவர்போல வெளியே துருத்தி நிற்கும். அதன்பின் சிமென்ட்டைப் பெயர்த்தால் கல்லின் ஓரமும் சேர்ந்து வரும். நீர்புகாத சீலர் அடித்தாலும் இதே கதிதான்.

காரையைத் தொடும் முன் தண்ணீரைத் தடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் கூரை ஓரத்தில் தகரக் கால்வாய் வையுங்கள். சுவரை ஒட்டி மண் மேடிட்டிருந்தால் வெட்டி எடுத்து, பத்தடிக்கு ஆறு அங்குலம் வெளிப்பக்கம் சரியும்படி செய்யுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளிவிடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். அதன்பின் ஒரு பருவமாவது சுவர் காயட்டும்.

காரைக்குச் சுண்ணாம்பு வாங்கப் போனால் கடையில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ‘டைப் எஸ் மார்ட்டர்’ என்ற மூட்டையில் சிமென்ட் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ‘டைப் எஸ் ஹைட்ரேட்டட் லைம்’, வெறும் சுண்ணாம்பு. இதைத் தண்ணீரில் ஒரு நாளாவது ஊறவைத்து விழுதாக்குங்கள். கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு அவசியம், சுண்ணாம்பு சுடும். ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு கழுவிய, முனை மழுங்காத மணல். பழைய காரைத் துண்டு ஒன்றைப் பொடித்து, அதன் மணலின் நிறத்துக்கும் பருமனுக்கும் பொருந்துகிற மணலைத் தேடுங்கள். பாதிப்பேர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். சுவரின் நிறத்தையே மாற்றிவிடுவது மணல்தான்.

உதிர்ந்த காரையை உளியும் சிறு சுத்தியுமாகக் கையால் எடுங்கள். கிரைண்டர் கல்லைத் தின்னும். சந்து அரை அங்குல அகலம் என்றால் ஆழம் ஒன்றேகால் அங்குலமாவது வேண்டும். உறுதியாக இருக்கும் பழைய காரையை விட்டுவிடுங்கள். உள்ளே வெறும் களிமண் சாந்து தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், கரைந்துவிடும். இலேசாகத் தெளித்தால் போதும். பெரிய பொந்துகளில் கல்சில்லுகளைச் செருகுங்கள். காரையை மட்டும் கொட்டி நிரப்பினால் சுருங்கி வெடிக்கும். ஒரு தடவைக்கு அங்குலத்தில் எட்டில் மூன்று பங்குக்கு (3/8) மேல் வைக்காமல், முந்தைய அடுக்கு இறுகியதும் அடுத்ததை அழுத்துங்கள். கரணையால் வழவழப்பாக்க வேண்டாம். நகம் அழுத்தினால் தடம் மட்டும் பதியும் பதத்தில் முரட்டுத் தூரிகையால் தட்டிவிடுங்கள், துளைகள் திறந்திருக்கும்.

பிறகு ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். டெக்சாஸ் வெயிலில் இதை விட்டால் காரை இறுகாமலே காய்ந்து பொடியாகும். வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கும் 32க்கும் நடுவில் இருக்கவேண்டும், அடுத்த சில வாரங்களில் உறைபனியும் கூடாது. ஏப்ரல் மாதம் தோது.

வீட்டு வாசலில் டெக்சாஸ் வரலாற்றுச் சின்னப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற சின்னமாக இருந்தால், வெளிப்புறத்தை மாற்றுவதற்கு 60 நாள் முன்பே மாநில வரலாற்று ஆணையத்துக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். காண்ட்ராக்டரிடம் பேசும்போது, முதலில் கொட்டகையின் பின்சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மட்டும் மாதிரி செய்து காட்டச் சொல்லுங்கள். அது காய்ந்து நிறம் தெரிந்தபின் வீட்டுச் சுவரில் கைவைக்கலாம்.