செருப்பு ஆர்க்கிட்: வேரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை செருப்பு ஆர்க்கிட் பேரினமான பாஃபியோபெடிலம் (சுருக்கமாக பாஃபியோ) பற்றியவை. செடியின் பெயர், இலையின் நிறம், வேரின் நிலை மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? "செடி வாடுகிறது, என்ன செய்யலாம்?" என்று ஒரே வரியில் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கேள்வி: டென்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்குச் செய்வதுபோலவே பாஃபியோவையும் இரண்டு வாரம் காயப்போட்டேன். இலைகள் சுருங்கிவிட்டன.

டென்ட்ரோபியத்துக்குத் தண்டில் நீர்ச் சேமிப்பு உண்டு. பாஃபியோவுக்கு அப்படி நீர் சேமிக்கும் தடித்த தண்டே (போலிக்குமிழ்) கிடையாது. மேல்பரப்பு காயலாம், உள்ளே ஈரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் இலை சுருங்கியதும் தண்ணீரைக் கொட்டாதீர்கள். முதலில் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் அழுகிய செடியும் இப்படித்தான் சுருங்கும்.

கேள்வி: புள்ளி இலை பாஃபியோ. நான்கு ஆண்டுகளாகப் பூக்கவில்லை. ஆண்டுதோறும் பிரித்து நண்பர்களுக்குக் கொடுத்து வருகிறேன்.

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒரு தூர் ஒரு முறைதான் பூக்கும். அதன் பக்கக்கன்று வளர்ந்து முதிர்ந்தால்தான் அடுத்த பூ. கன்று வந்ததும் பிரித்தால் செடி எங்கே முதிரும்? நான்கைந்து தூர் சேரும்வரை கத்தியை எடுக்காதீர்கள். தொட்டிக் கலவையை மட்டும் ஒன்றரை ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கேள்வி: நடுக்குருத்தில் பழுப்பு நிற ஈரப் புள்ளி. இரண்டே நாளில் பாதி இலைக்குப் பரவிவிட்டது.

பாக்டீரியா அழுகல். இந்தப் பதிலைப் படிப்பதற்குள் செடி போயிருக்கவும் கூடும். தீயில் காட்டிய கத்தியால், நல்ல பச்சைப் பகுதியிலும் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைத் தூள் தூவலாம். வேரில் படக் கூடாது, வேரை உலர்த்திவிடும். சில நாள் காற்றோட்டத்தில் வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: குருத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. காலையில் ஊற்றுங்கள், மாலையில் வேண்டாம்.

கேள்வி: தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்கலாமா?

எந்தச் செடி என்று எழுதவில்லையே! இன்னொரு செருப்பு ஆர்க்கிட்டான ஃப்ராக்மிபீடியம் பெஸ்ஸியே என்றால் வைக்கலாம்; நீர் கசியும் பாறைச் சரிவுகளில் வளர்வது அது. தண்ணீர் மட்டும் உப்பில்லாமல், மழைநீர்போல இருக்க வேண்டும். பாஃபியோ என்றால் உடனே தட்டை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: "காட்டு அரிய வகை" என்று தொட்டி இல்லாமல் வெறும் வேரோடு கட்டிய ஐந்து பாஃபியோ மலிவாகக் கிடைத்தன. எப்படிப் பிழைக்க வைப்பது?

இந்தக் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. இலைகளில் பழைய வடுக்கள், பாசிப் படலம், முறிந்த வேர்கள், பெயர்ச்சீட்டு இல்லை என்று நீங்களே விவரித்திருக்கிறீர்கள். காட்டிலிருந்து பிடுங்கிய செடியின் அடையாளங்கள் இவைதாம். நாற்றங்காலில் வளர்ந்தது சுத்தமான இலையோடு, தொட்டி நிறைந்த வேரோடு, பெற்றோர் பெயர் எழுதிய சீட்டோடு வரும்.

பாஃபியோ பேரினம் முழுவதும், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. காட்டுச் செடியை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்பது குற்றம். ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட்டைத் திசு வளர்ப்பில் ஆயிரக்கணக்கில் பெருக்கிவிடலாம். பாஃபியோ அதற்கு எளிதில் இணங்காது. விதை, அல்லது தூர் பிரித்தல் என்ற இரண்டே வழி. இரண்டும் மெதுவானவை. அந்தப் பொறுமை இல்லாதவர்கள் மலையேறிக் கோணியில் அள்ளி வருகிறார்கள். பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் 1999இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளுக்குள் அதன் காட்டிடம் ஏறக்குறையத் துடைத்தெடுக்கப்பட்டது. அகத்தியமலைப் பகுதிக்கே உரிய மஞ்சள் நிறப் பூ கொண்ட ட்ரூரி என்ற பாஃபியோவையும் இந்தச் சேகரிப்புதான் அழிவின் விளிம்புக்குத் தள்ளியது.

விதை போதாதா என்றால், டெலனாட்டி என்ற பாஃபியோவைப் பாருங்கள். 1990களில் வியட்நாமில் மறுபடி கிடைக்கும்வரை, பல பத்தாண்டுகளாகத் தோட்டங்களில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே ஒரே செடியின் விதைவழி வந்தவை. ஒரு செடியால் ஓர் இனத்தையே காப்பாற்ற முடிந்திருக்கிறது!

வாங்கிய ஐந்தையும் சாகவிடாதீர்கள். அழுகிய வேரை வெட்டி, ஈரமான ஸ்பாக்னம் பாசியில், நிழலில் வையுங்கள். புது வேர் வரும்வரை உரம் கூடாது. பூத்தால் மகரந்தம் சேர்த்து விதை எடுங்கள். அதே ஆளிடம் இனி ஒரு செடியும் வாங்காதீர்கள்.

கேள்வி: ராத்ஸ்சைல்டியானம் என்ற பாஃபியோ நாற்று எப்போது பூக்கும்?

பத்து ஆண்டு, சில நேரம் பதினைந்து. போர்னியோவின் கினபாலு மலைச்செடி அது, அவசரப்படாது. ஒளி மற்ற பாஃபியோவைவிடக் கூடுதலாக வேண்டும். காத்திருக்க மனமில்லையென்றால் பூக்கும் பருவத்துச் செடியாக வாங்குங்கள்.

கேள்வி: சிப்பித் தூள் எல்லா வகைக்கும் போடலாமா?

சுண்ணாம்புப் பாறையில் வளரும் நிவியம், கான்கலர் போன்ற பாஃபியோ வகைகளுக்கு ஒரு கரண்டி போடலாம். மரத்தில் தொற்றி வளரும் வில்லோசத்துக்கு வேண்டாம்.

கேள்வி: இலை நுனி கருகுகிறது. உரம் போதவில்லையா?

கூடிவிட்டது. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு போதும். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் கலவையை நன்றாக அலசுங்கள். குருத்தில் படாமல்!

கேள்வி: குளிர்நாட்டுச் செருப்பு ஆர்க்கிட்டான சிப்ரிபீடியத்தை ஆண்டு முழுவதும் கதகதப்பான அறையில் வளர்க்க முடியுமா?

முடியாது. பூச்சிய டிகிரியை ஒட்டிய குளிரில் சுமார் மூன்று மாதம் உறங்காவிட்டால் ஓரிரு ஆண்டில் தேய்ந்து மறைந்துவிடும்.